மதாம் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை மதாமின் பெட்டிக்குப் போடுகிற மரச்சீவல் பையின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டியதும் உன் வீட்டு வாசம் மூக்கில் ஏறியது. பாரிசுக்கு வெளியே பொண்டியில், ரயில் பாதைக்குப் பின்னால், முதலாம் மாடியில் நீ கதவைத் திறக்கும்போது உனக்கு முன்னால் வெளியே வருகிற அதே காய்ந்த மர வாசம். பையைக் கையில் பிடித்தபடி குசினியில் நின்றுவிட்டேன். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த பால் பொங்கி வழிந்தது. ஒரு கலியாண வீட்டுக்கு ஆறு பிளவுஸ் தைத்துக் கொடுக்க வேண்டும், அதில் இரண்டுக்குக் கை இன்னும் பொருத்தவில்லை. இன்றைக்குப் பார்த்தா வருகிறாய் என்று உன்னைத் திட்டினேன். திட்டிவிட்டு, துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய்தான். இந்தப் பந்தியை முடிப்பதற்குள் இரண்டு தரம் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டேன்.

மதாம் சுகமாக இருக்கிறாள். முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். வயது போய்விட்டது, நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, நீ பார்த்த அந்தச் செம்மஞ்சள் இப்போது பழைய செங்கல் நிறமாகிவிட்டது. ஆனால் எலியைக் கண்டால் நாக்கை நீட்டுகிற நீட்டு அப்படியேதான். ஒரு பாம்பின் சுகசெய்தியை இப்படி எழுதுவேன் என்று யாராவது எனக்கு முன்பு சொல்லியிருந்தால், அவருக்கு விசர் என்று சொல்லியிருப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவளை உன் வீட்டிலிருந்து லா ஷப்பேலில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு மாதத்தில் நான் அவளைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டேன். பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை. அன்பு காட்டியே அந்த நிலைக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மதாம பாத்துக்கோடி, வேற யாரும் செய்ய மாட்டாங்க." நீ போன நேரத்தில் நான் பக்கத்தில் இருக்கவில்லை. அதுவே நெஞ்சில் கிடந்து அரித்தது. இந்தப் பாம்பும் என் கையில் செத்துப்போனால் பிறகு நான் என்ன சினேகிதி என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ குறுக்கே பேசப்போவதில்லை, அந்த ஒரு வசதி இப்போது எனக்கு இருக்கிறது.

2009இல் நாங்கள் இரண்டு பேரும் அந்த பிரெஸ்ஸிங்கில், உடுப்பு வெளுக்கிற கடையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் நின்று சேர்ட் அயர்ன் பண்ணினோம். நீ புதுச்சேரி, நான் யாழ்ப்பாணம். முதல் நாள் நான் உன்னிடம் "நீர் எவ்வளவு காலமாய் இஞ்சை வேலை?" என்று கேட்க, நீ அயர்ன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாய். "நீராமே! நான் என்னா ராஜாவா?" அன்றிலிருந்து வாடி போடி. நான் ஒரு சேர்ட்டை முடிப்பதற்குள் ஒன்பது கதை சொல்வேன், கொலரை இரண்டு தரம் மடிப்பேன், நூலைப் பிடுங்குவேன், யன்னலைத் திறப்பேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் மூன்று சேர்ட்டை முடித்து மாட்டிவிடுவாய். நீராவிக்குள் உன் முகம் நித்திரையில் இருக்கிற முகம் போல இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். எப்படி இந்த மனுசியால் இப்படி நிற்க முடிகிறது என்று பொறாமையும் வரும்.

அந்த வருடக் கடைசியில்தான் மதாம் வந்தாள். உன் மேல் வீட்டுப் பிரெஞ்சுப் பிள்ளை படிக்கக் கனடா போகும்போது, கண்ணாடிப் பெட்டியோடு உன் வாசலில் வந்து அழுதிருக்கிறாள். வேறு யாரும் எடுக்கவில்லையாம். நீ வாங்கி உள்ளே வைத்துவிட்டாய். விஷமில்லாத பாம்பு, வயலில் எலி பிடிக்கிற சாதி, கடிக்காது என்று என்னிடம் அயர்ன் மேசையில் சொன்னாய், புதிதாய் ஒரு மிக்சி வாங்கினேன் என்று சொல்கிற குரலில். அடுத்த ஞாயிறு நான் பொண்டிக்கு வந்து, பெட்டியைப் பார்த்து, சோபாவில் ஏறி நின்றேன். காலை மடக்கிக்கொண்டு அங்கேயே அரை மணித்தியாலம். நீ கோப்பி போட்டுச் சோபாவுக்கே கொண்டுவந்து தந்தாய்.

"பேர் என்ன வைச்சிருக்கிறாய்?"

"மதாம். என்னமோ பெரிய வீட்டுப் பொம்பளை மாதிரி இருக்கா இல்ல?"

பிறகு பயம் தெளிந்தது. பயம் தெளிந்தவுடன் என் கை சும்மா இருக்குமா? மூடியைத் திறக்க, தண்ணிக் கிண்ணத்தை நகர்த்த, எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று அந்த உடைந்த பூச்சாடியைத் தூக்கிப் பார்க்கப் போவேன். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாய்: "அத்த திராங்கீலா வுடுடி." புதுச்சேரிக்காரர் நீங்கள் பாதிப் பேச்சைப் பிரெஞ்சிலேயே வைத்திருப்பீர்கள். அமைதியாய் விடு, தொந்தரவு செய்யாதே. பாம்புக்கு மட்டுமா அதைச் சொன்னாய்? நான் என் மகளோடு ஃபோனில் சண்டை பிடித்தபோது, வேலை இடத்து மேற்பார்வையாளரோடு வாய் காட்டியபோது, என் மனுசன் இவரோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்தபோது, எல்லாவற்றுக்கும் உன்னிடம் அந்த ஒரே மருந்துதான். எனக்கு அது மருந்தாகத் தெரியவில்லை. உனக்கு யாரும் இல்லை, அதனால் சொல்கிறாய் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ கோபிக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஏழு வருடம் கழித்து உன் உடம்புக்கு அந்தப் பொல்லாத வருத்தம் வந்தது. வந்த வேகத்துக்கு எல்லாம் முடிந்தும்விட்டது. நான் பிரெஸ்ஸிங்கை விட்டு வீட்டிலேயே தைக்கத் தொடங்கியிருந்ததால் தினமும் உன்னிடம் ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தது. வந்தேன் என்றால் சும்மா வரவில்லை. ரசம், கஞ்சி, திருநீறு, வெந்நீர்ப் போத்தல், உன் தலையணைக்கு நான் தைத்த உறை. கோயிலில் பாடுகிற இரண்டு அக்காமாரையும் ஒருநாள் கூட்டிவந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நித்திரை என்று நினைத்தேன். அந்த நாட்களில்தான் நீ மதாமைப் பற்றி விவரமாகச் சொன்னாய். எடம் மாத்தினா ரெண்டு வாரம் கை வைக்காத. ஒளிஞ்சிக்க எடம் குடு, சின்னதா, மேல கீழ எல்லாம் இடிக்கணும். மூடி வை. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கண் முழுக்க உன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துப் பையில் இருந்தது. ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

அந்தக் கடைசி மத்தியானம் நீ என்னைக் கொஞ்சம் வெளியே போய் இருக்கச் சொன்னாய். போனேன். நாற்பது நிமிடம். திரும்பி வரும்போது தாதி அறை வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

உன் தம்பி புதுச்சேரியிலிருந்து வந்து காரியங்களை முடித்தார். வீட்டைக் காலி பண்ண ஒரு கிழமைதான், ஏழே நாள்தான் அவகாசம். பெட்டியைப் பார்த்துவிட்டு அவர், "அந்த ஜந்துவ நீங்களே வச்சிக்குங்கக்கா, புண்ணியமாப் போவும்" என்றார். என் மனுசன் தான் வேலை செய்கிற ரெஸ்டோரன்டின் வான் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். பாம்போடு ஒரே வானில் போகமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றபடியால், மதாம் என்னோடு ரயிலில் வந்தாள். உன் கட்டிலில் கிடந்த தலையணை உறைக்குள் அவளை விட்டு, வாயை முடிந்து, மீன் வாங்கப் போகிற வெப்பம் காக்கும் பைக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் பையைப் பார்த்துச் சிரித்து, சமையலா என்று கேட்டாள். ஓம் மதாம் என்றேன். பைக்குள் அவள் ஒரு தரம் அசைந்தாள். நான் இறங்குகிற கார் து நோர் ஸ்டேஷன் வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது.

இனித்தான் என் கெட்டித்தனம்.

செத்த வீட்டுச் சாமான் துடக்குத் தீட்டுக் கழியாமல் சாமி இருக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது யாரும் கேள்வி கேட்காத விஷயம். ஆகவே நீ ஏழு வருடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பெட்டியைக் குளியலறையில் போட்டு, கறையெல்லாம் வெளுக்கிற ஜவெல் தண்ணி ஊற்றித் தேய்த்தேன். பழைய மரச்சீவலை முழுக்கக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அந்த உடைந்த பூச்சாடி, பாசி பிடித்து, ஒரு பக்கம் அவளுடைய பழைய தோல் ஒட்டி இருந்தது, சீ என்று அதையும் போட்டேன். கடைசியாக மஞ்சள் தண்ணி தெளித்தேன். பெட்டி கண்ணாடிக் கடையில் இருக்கிற மாதிரி பளபளத்தது. அதற்குள் உன் வாசமும் இல்லை, அவள் வாசமும் இல்லை, தலையை வைக்க ஒரு மூலையும் இல்லை. எனக்கு அது புரியவில்லை. வெறுமையாக இருக்கிறதே என்று லா ஷப்பேல் கடையில் பிளாஸ்டிக் மல்லிகை மாலை வாங்கி உள்ளே சுற்றி விட்டேன்.

வைத்த இடத்தையும் கேள். ஹோலில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், யன்னலோடு. யன்னலுக்கு வெளியே தூணின் மேல் மெத்ரோ ஓடுகிறது, நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணாடி அதிரும். எனக்கு அது பழகிவிட்டது. தனியாகக் கிடந்து ஏங்கக்கூடாது, கலகலப்பாக இருக்கட்டும் என்றுதான் அங்கே வைத்தேன். காலையில் எழும்பினால் அவளைத் தூக்குவேன். தைத்துக் களைத்தால் தூக்குவேன். உன்னை நினைத்தால் தூக்குவேன். உன்னை எத்தனை தரம் நினைப்பேன் என்று எண்ணிப் பார், அத்தனை தரம் தூக்கினேன்.

எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடி அக்காவுக்குச் செய்தி போனது. அவ ஒரு வெள்ளிக்கிழமை தோய்ந்து, ஈரத் தலையோடு, பால் செம்பும் ஒரு முட்டையும் கொண்டு வந்தா.

"பிள்ளை, நாகதம்பிரான் உன்ரை வீடு தேடி வந்திருக்கிறார். வடிவாய்க் கும்பிட்டுக்கொள்."

"அக்கா, இது அமெரிக்கச் சாதிப் பாம்பாம்."

"எந்த நாட்டிலை பிறந்தால் என்ன, பாம்பு பாம்புதானே?"

பாலை உள்ளே வைத்தோம். பெட்டிக்கு முன்னால் விளக்கு, சாம்பிராணி. அடுத்த வெள்ளி அக்காவோடு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி சின்னப் பிள்ளைகளோடு எட்டுப் பேர், கண்ணாடியில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். நான் வடை சுட்டேன். சாமி கும்பிடுகிற நாளில் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, ஆகவே மதாமுக்கும் வெள்ளிக்கிழமை எலி இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டேன். நீ இதை வாசித்தால் எந்த இடத்தில் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, மற்ற நாளும் அவள் எலியைத் தொடவில்லை.

ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. கடையில் உறைய வைத்து விற்கிற எலியை இளம்சூட்டுத் தண்ணியில் இளக்கி, இடுக்கியில் பிடித்து, அவள் வாய்க்கு முன்னால் ஆட்டிக்கொண்டே நிற்பேன். சாப்பிடம்மா, செல்லம் எல்லே, ஒரு வாய் சாப்பிடு. அவள் பின்னால் பின்னால் போவாள். மற்ற நேரம் கண்ணாடியின் விளிம்போடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருப்பாள். மூக்கை மூடியில் உரசி உரசித் தோல் போயிருந்தது. உன் வீட்டில் ஏழு வருடத்தில் ஒரு தரமும் கோபம் காட்டாதவள் ஒருநாள் என் கையைப் பார்த்துப் பாய்ந்தாள். பாய்ந்த கையோடு பின்பக்கத்தால் எதையோ பீச்சினாள், அந்த நாற்றம் மூன்று நாள் போகவில்லை. இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இது வீடோ, மிருகக்காட்சிச்சாலையோ?"

"அவள் ஏங்குறாள், இஞ்சேருங்கோ. போனவளை நினைச்சு ஏங்குறாள்."

"பாம்பு ஏங்குமே? உனக்குத்தான் அந்த வருத்தம். நீ வீட்டுக்குள்ளை நடக்கிற நடையைப் பார். ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் நடக்கிறியள்."

ஏழாவது கிழமை அவளைத் தூக்கியபோது முதுகெலும்பு என் உள்ளங்கையில் வரிசையாகத் தட்டுப்பட்டது. பிளவுஸ் அளவு எடுக்க வந்திருந்த பெண்ணை அளவு நாடாவோடு அப்படியே நிற்க விட்டுவிட்டு, பைக்குள் அவளை வைத்துக்கொண்டு ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

வைத்தியர் இளம் பெண். அவளைத் தடவிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், எடை நிறுத்தாள். நோய் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினாள். பெட்டி எங்கே இருக்கிறது? உள்ளே ஒளிய என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்குவீர்கள்? என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் எல்லாம் சொன்னேன். மெஷின், மெத்ரோ, ஜவெல் தண்ணி, மாலை, பால், விளக்கு, எட்டுப் பேர். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாம்புக்குக் காது அவ்வளவாகக் கேட்காது, ஆனால் அதிர்வு முழுவதும் அவள் வயிற்றால் ஏறும் என்றாள். நாலு பக்கமும் வெளிச்சம், நாலு பக்கமும் முகங்கள். அவளைப் பொறுத்தவரை எந்த நேரமும் யாரோ தன்னைத் தின்னப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி இருக்கும்போது யார் சாப்பிடுவார்கள்? மூன்று பக்கத்தையும் மறையுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிரான பக்கம் ஒன்று, உடம்பு முட்டுகிற அளவுக்குச் சின்னதாய் இரண்டு பொந்து வையுங்கள். பழைய வாசம் உள்ள ஏதாவது இருந்தால் உள்ளே விடுங்கள். இரண்டு கிழமைக்குத் தொடவே வேண்டாம். பிறகு எலியை வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். நான் அப்போதும் கேட்டேன், பார்த்துக்கொண்டு நின்றால் என்ன, தொடாமல்? அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் மதாம். நீங்கள் பார்ப்பதுதான் அவளுக்குப் பாரம்."

மெத்ரோ ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நீ சொன்னதையே அவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். மேல கீழ எல்லாம் இடிக்கணும். உன் குரல் அப்போதுதான் காதுக்குள் முழுசாகக் கேட்டது. வீதியில் அழுதுகொண்டு போனேன், வெட்கம் பார்க்கவில்லை.

அன்றைக்கே இவரை வேலையால் வரச் சொல்லி, பெட்டியைத் தூக்கிப் படுக்கையறையின் உள் மூலைக்குக் கொண்டுபோனோம். மெத்ரோ பக்கச் சுவருக்கு எதிர்ப்பக்கம். பாம்பு இருக்கிற அறையில் படுக்கமாட்டேன் என்று அவர் ஹோல் சோபாவுக்குப் போனார், நானும் போனேன். தையல் மெஷின் குசினிக்கு வந்தது. அந்த மாதம் தைத்த பிளவுஸ் எல்லாம் தாளித்த வாசத்தோடுதான் வீடு போயிருக்கும். தமிழ்க் கடையில் மீன் குழம்பு வைக்கிற சின்ன மண்சட்டி இரண்டு வாங்கினேன். இவர் ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவள் நுழைகிற அளவுக்குத் தட்டி உடைத்து, கீறாமல் இருக்க அரத்தால் அராவித் தந்தார். பயந்தாங்கொள்ளி மனுசன், ஆனால் வேலை சுத்தம். சட்டிகளைக் குப்புறக் கவிழ்த்து ஒன்றைச் சூட்டுப் பக்கமும் ஒன்றை மற்றப் பக்கமும் வைத்தோம்.

பழைய வாசம்? எல்லாவற்றையும்தான் கழுவிக் கொட்டிவிட்டேனே. பிறகுதான் அந்தத் தலையணை உறை ஞாபகம் வந்தது. ரயிலால் வந்த அன்று வெட்டுத் துண்டுத் துணிப் பைக்குள் எறிந்தது. கழுவ மறந்துபோனது. வீட்டில் நான் கழுவாமல் விட்ட ஒரே சாமான். மணந்து பார்த்தேன். உன் தேங்காயெண்ணெய் கொஞ்சம் இருந்தது, மரவாசம் கொஞ்சம் இருந்தது. எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். சுருட்டிச் சட்டிக்குள் வைத்து, அவளை விட்டு, மூன்று பக்கமும் கறுப்புச் சீலை போட்டு மறைத்தேன். அவள் நாக்கை நீட்டி நீட்டி அந்தச் சட்டி வாசலைத் தேடிப் போனாள். வால் நுனி உள்ளே போகும்வரை பார்த்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்தினேன்.

அந்த இரண்டு கிழமை நான் பட்ட பாடு! தண்ணி மாற்றப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். அறை வாசலில் கை தானாகக் கைபிடிக்குப் போகும், இழுத்து எடுப்பேன். வெங்காயத்தை அளவுக்கு மிஞ்சி உரித்தேன். அலுமாரியை நாலு தரம் அடுக்கினேன். மகளுக்கு ஃபோன் எடுத்து எடுத்துக் கரைச்சல் கொடுத்ததில் அவள், "அம்மா, எனக்கு வேலை இருக்கு" என்று பிரெஞ்சில் கத்தினாள். வெள்ளிக்கிழமை அக்கா பால் செம்போடு வந்து நின்றா.

"உள்ளை விடேலாதக்கா. அதுக்குச் சுகமில்லை."

"சாமியைப் பாக்க விடமாட்டியோ? சுகமில்லாட்டித்தானே கும்பிட வேணும்?"

"சாமி கொஞ்சம் தனிய இருக்க வேணுமாம்."

"ஆர் சொன்னது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "என்ரை சினேகிதி சொன்னவள்." அக்கா செம்பைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போனா. ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. போகட்டும் என்று விட்டேன். அப்படி விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பதினைந்தாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எலியை இளக்கித் துடைத்து, சட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, சீலையால் முழுக்க மூடினேன். குசினிக்கு வந்தேன். ஒரு நிமிடம் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் இருந்தால் நான் அந்தச் சீலையைத் தூக்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். காலில் வீட்டுச் செருப்பு. மெத்ரோத் தூண்களுக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், திரும்ப இந்த முனைக்கும் நடந்தேன். சனம் சாமான் பைகளோடு இடித்துக்கொண்டு போனது. தெரிந்த கடைக்காரர் ஒருவர், "என்ன அக்கா, ஆரையும் தேடுறியளோ?" என்று கேட்டார். இல்லைத் தம்பி, சும்மா என்றேன். இன்று சாப்பிடாவிட்டால் இனி ஊசியும் குழாயும்தான் என்று வைத்தியர் சொல்லியிருந்தாள். நடக்க நடக்க எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்பது நிமிடம்தான் நினைவில் வந்தது. அன்றும் இப்படித்தான், உள்ளே ஒரு உயிர், வெளியே நான். பாதி வழியில் ஓடிப்போய்க் கதவைத் திறக்கலாமா என்று இரண்டு தரம் திரும்பினேன். திரும்பவும் நடந்தேன்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தால், எங்கள் மாடிப்படியில் இவர் உட்கார்ந்திருக்கிறார், இடுப்பில் கட்டின சறத்தோடு, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு.

"ஏன் இஞ்சை இருக்கிறியள்?"

"நீ போனாப்பிறகு எனக்கும் உள்ளுக்கு இருக்க ஏலாமல் போச்சு. நான் இருந்தால் அது சாப்பிடாதோ எண்டு வந்திட்டன்."

இரண்டு பேரும் கள்ளர் மாதிரி உள்ளே போனோம். சீலையின் ஒரு மூலையை விரலால் தூக்கினேன். எலி இல்லை. மரச்சீவலில் அது கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. சட்டி வாசலுக்குள் மதாமின் உடம்பில் ஒரு வளைவு தெரிந்தது, நடுவில் சின்ன வீக்கம். அவ்வளவுதான். மூடினேன். குசினிக்கு வந்து நிலத்தில் இருந்து குழறி அழுதேன்.

"சாப்பிட்டதுக்கும் அழுகையோ? சாப்பிடாததுக்கும் அழுதாய்!"

அப்போதுதான் அவரிடம் முதல் தரமாகச் சொன்னேன். "அவளும் நான் வெளியிலை நிண்ட நேரத்திலைதானே போனவள்."

இவர் அதிகம் கதைக்கிற மனுசன் இல்லை, உனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தார். "நீ பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் அவளாலை போயிருக்கேலாது" என்றார். "அதுதான் உன்னை அனுப்பினவள்."

நான் அதை நம்புகிறேன். வருடங்கள் போகப் போக இன்னும் கூடவே நம்புகிறேன். வெளியே இருந்ததற்காக என்னை நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன், இதை நீ கேட்டுக்கொள். ஆனால் இவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்தக் கடைசி மத்தியானம் நீ, "கொஞ்சம் வெளிய போயி உக்காரு, நான் திராங்கீலா இருக்கணும்" என்று சொன்னபோது, விடியக்காலை எழும்பி நான் வைத்துக் கொண்டுவந்த ரசம் உன் மேசையில் மூடி திறக்காமல் இருந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இரு உன்பாட்டில் என்று எழும்பினேன். உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போது கதவை அடித்துச் சாத்தினேன்.

நீ என்னிடமிருந்து கடைசியாகக் கேட்டது அந்தச் சத்தம். என்னோடு இருப்பது அதுதான், அது போகாது. போகவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளடி. இப்போதெல்லாம் யார் என்னை வெளியே இருக்கச் சொன்னாலும் எழும்பிப் போகிறேன். போகும்போது ஒரு தரம் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், கைபிடியை இறுக்கிப் பிடித்து, கதவு நிலையில் தொடுகிறவரை விடாமல், மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறேன்.